கட்சிகளின் கணக்கேடு: வரி விதித்தவர் யார், செலவிட்டவர் யார்?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இம்மண்டபத்திலே கமக்காரரும் ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் தொழில்கள் வேறு, வருமானங்கள் வேறு. ஆயினும் நீங்கள் அனைவரும் வரி செலுத்துவோர். சம்பளத்திலே வரி கழிக்கப்படும் வைத்தியருக்கு அது நன்றாகத் தெரியும். மாத முடிவிலே சம்பளத் துண்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். கமக்காரர் "நான் வரி கட்டுவதில்லை" என்று எண்ணிக்கொள்கிறார். சீனியிலும் சவர்க்காரத்திலும் பிள்ளையின் கொப்பியிலும் அவர் கட்டுகின்ற வரி அவருடைய கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்நாட்டு அரசாங்கத்தின் வரி வருமானத்திலே பெரும்பகுதி இவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் அறவிடப்படுவதே.

எங்கள் தேர்தல் மேடைகளிலே மொழியைப் பற்றிக் கேட்கிறோம். நிலத்தைப் பற்றிக் கேட்கிறோம். அதிகாரப் பகிர்வைப் பற்றிக் கேட்கிறோம். கேட்கவே வேண்டும். ஆனால் "ஐயா, சென்ற வரவுசெலவுத் திட்டத்தின் மூன்றாம் வாசிப்பின்போது தாங்கள் எப்பக்கம் வாக்களித்தீர்கள்? ஏன் வாக்களித்தீர்கள்?" என்று ஒரு வேட்பாளரைக் கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை. ஆளும் அதிகாரம் என்பது யாது? ஒருவனுடைய பணத்தை எடுத்து இன்னொரு காரியத்துக்குச் செலவிடும் அதிகாரமே அதன் உயிர்நிலை. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை, பொது நிதியின் மீது பாராளுமன்றத்துக்கே பூரண கட்டுப்பாடு உண்டு என்றும், பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வித வரியும் விதிக்கப்படலாகாது என்றும் கூறுகின்றது. அவ்வுறுப்புரை எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

முதலில் அரிசியை எடுத்துக்கொள்கிறேன். சுதந்திர இலங்கையின் கட்சிகள் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பதற்கு அரிசிக் கொத்தைப் போன்ற அளவுகோல் வேறில்லை.

1952 ஆம் ஆண்டுத் தேர்தலிலே கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதம். அவ்விலை மாறாது என்ற நம்பிக்கையைக் கொடுத்தே ஐக்கிய தேசியக் கட்சி வாக்குக் கேட்டது, வென்றது. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த இறப்பர் விலை இறங்கியது. உலகச் சந்தையில் அரிசி விலையோ இறங்கவில்லை. திறைசேரி வற்றியது. 1953 ஜூலை மாதத்தில் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தன அதே கொத்தை 70 சதம் ஆக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவை நிறுத்தினார். புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. ஓகஸ்ட் 12 ஆம் தேதி நாடு ஹர்த்தாலில் இறங்கிற்று. மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடவேண்டிய நிலை ஏற்பட்டது. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் போயின. ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

இதிலிருந்து ஒவ்வொரு கட்சியும் ஒரு பாடத்தைக் கற்றது. மக்களிடம் உண்மையைச் சொல்லிச் செலவைக் குறைக்கவேண்டும் என்பதன்று அப்பாடம். அரிசியைத் தொட்டால் ஆட்சி போகும் என்பதே. ஆயினும் அரிசியைத் தொடாமல் இருக்க எவராலும் இயலவில்லை. 1962 இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் நிதி மந்திரி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா இரண்டு கொத்தை ஒன்றரைக் கொத்தாக்க முயன்றார். அவருடைய கட்சியின் பின்வரிசை உறுப்பினரே எழுந்து எதிர்த்தனர். நிதிப் பொறுப்பை விட்டு விலகினார். 1966 டிசம்பரில் பிரதம மந்திரியாக மீண்டிருந்த அதே டட்லி சேனநாயக்கா இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கி, அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் விலையினால் பதவி இழந்தவர், இம்முறை அளவைக் குறைத்துப் பார்த்தார் போலும். 1970 இல் ஐக்கிய முன்னணி, இழந்த கொத்தை மீட்டுத் தருவோம் என்று பிரசாரம் செய்து ஆட்சியேறியது. 1953 இல் வீதியில் இறங்கியவர்களின் தலைவர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா இப்பொழுது நிதி மந்திரி. 1973 இல் உலகெங்கும் தானிய விலை ஏறியபோது, அவர் இருந்த அரசாங்கமே பங்கீட்டைக் குறைக்க நேர்ந்தது. 1977 இல் வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் முதலில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று பங்கீட்டைச் சுருக்கி, 1979 இல் உணவு முத்திரையாக மாற்றியது. விலைவாசி ஏற ஏற முத்திரையின் பெறுமதி உருகிப் போயிற்று.

இந்தக் கணக்கைப் பாருங்கள். வலதுசாரி கொத்தைக் குறைத்தது; நடுவழிக் கட்சி குறைக்க முயன்றது; இடதுசாரி நிதி மந்திரியும் குறைத்தார். கட்சியின் பெயரைக் கொண்டு அதன் செலவை ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வரியின் பக்கத்திலும் விநோதங்கள் உண்டு. 1950களின் இறுதியிலே பண்டாரநாயக்கா அரசாங்கம் கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கலஸ் கால்டோரை அழைத்து ஆலோசனை கேட்டது. செல்வத்தின் மீது வரி, நன்கொடையின் மீது வரி, செலவினத்தின் மீது வரி என்று பல வரிகளை அவர் சிபாரிசு செய்தார். 1959 இல் சட்டமாகின. காகிதத்தில் அழகிய திட்டமே. ஆனால் வரித் திணைக்களத்திலே அதனை நடத்தும் ஆள்பலமும் இல்லை. தோட்ட முதலாளிமாரின் கணக்கேட்டைத் திறக்கும் மனத்துணிவும் ஆட்சியாளருக்கு இல்லை. செல்வரைத் தொடாத செலவின வரி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. சட்டத்தை இயற்றுவது ஒன்று, வரியை அறவிடுவது மற்றொன்று. நம் நாட்டிலே முதலாவதற்குக் கைதட்டல் உண்டு, இரண்டாவதற்கு இல்லை.

கமக்கார அன்பர்கள் 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அல்லது உங்கள் தந்தையார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவ்வரசாங்கம் அந்நியச் செலாவணி இல்லாத காரணத்தால் மிளகாயையும் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. பாணுக்கு வரிசையில் நின்றது கொழும்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களிலோ செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் பொன்னாயின. கல்வீடு கட்டினர், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். அதே அரசாங்கம் பல்கலைக்கழகப் புகுமுகத்தில் தரப்படுத்தலைக் கொண்டுவந்து அப்பிள்ளைகளின் வாசலை அடைத்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஒரு கையால் கொடுத்தது தமிழருக்காகவன்று, திறைசேரியின் வறுமைக்காக. 1977 நவம்பரில் புதிய அரசாங்கம் ரூபாவை மிதக்கவிட்டு இறக்குமதிக் கதவுகளைத் திறந்தபோது, மூடியவர்களும் திறந்தவர்களும் எங்களிடம் ஒரு சொல் கேட்டதில்லை. மிளகாய்த் தோட்டம் விழுந்தது.

கதவைத் திறந்த அக்கட்சிக்குச் சிக்கனக் கட்சி என்றொரு பெயர் உண்டு. கணக்கேடு என்ன சொல்கிறது? முப்பது ஆண்டுகளில் முடிக்கவேண்டிய மகாவலித் திட்டத்தை ஆறு ஆண்டுகளில் முடிக்க முற்பட்டனர். கொத்மலைக்குச் சுவீடன், விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என்று உதவி வந்து குவிந்தது. 1980 இல் வரவுசெலவுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு இருபது வீதத்தைத் தாண்டியது. பணவீக்கம் 26 வீதம். சோஷலிச வீண்செலவு என்று எதிரிகளை ஏசிய கட்சியின் ஆட்சியிலேதான் இது நடந்தது. அணைகள் நின்று பயன் தருகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அந்நீர் எந்த வயல்களுக்குப் பாய்ந்தது, அக்குடியேற்றங்கள் எவருக்காக அமைந்தன என்பது வேறொரு கூட்டத்துக்குரிய பேச்சு.

பிறகு யுத்தம். அதைப் பற்றி ஒன்றே சொல்வேன். 1990களிலே ஒவ்வொரு பொருளின் மீதும் பாதுகாப்பு வரி என்றொரு வரி அறவிடப்பட்டது; பின்னர் அதற்குத் தேசிய பாதுகாப்பு வரி என்று பெயர். வன்னியிலே குண்டு வீச்சுக்கு அஞ்சி ஓடியவனும், தான் வாங்கிய பொருளின் விலையிலே அவ்வரியைக் கட்டியே ஓடினான். ஐக்கிய தேசியக் கட்சி தொடக்கிய வரியைப் பொதுசன ஐக்கிய முன்னணி நீக்கவில்லை. 2002 இல் அது பண்டங்கள் சேவைகள் வரியோடு சேர்த்துப் பெறுமதி சேர் வரியாக்கப்பட்டது. பெயர் போயிற்று, பாரம் நின்றது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் பாதுகாப்புச் செலவு ரூபாக் கணக்கிலே ஏறியதேயன்றி இறங்கவில்லை.

சட்டத்தரணி என்ற முறையிலே எனக்கு மிகுந்த வியப்பளிப்பது 2003 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம். 2006 முடிவிலே பற்றாக்குறை உற்பத்தியின் 5 வீதத்தை மீறலாகாது, கடன் 85 வீதத்தை மீறலாகாது, 2013 இல் கடன் 60 வீதத்துக்கு இறங்கவேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிட்டது. 2006 முதல் 2022 வரை பெரும்பாலான ஆண்டுகளில் பற்றாக்குறை அந்த 5 வீதத்துக்குள் அடங்கவில்லை. மீறியவனுக்குத் தண்டனை இல்லை. எல்லையை எட்டமுடியாதபோது சட்டத்தைத் திருத்தி எல்லையைத் தள்ளிவைத்தனர். சந்தியிலே மதுவருந்தி வண்டி ஓட்டியவன், பொலிசார் நிறுத்தியதும் விதியைத் திருத்திக்கொள்ள முடியுமாயின் எப்படி இருக்கும்? இயற்றியது ஐக்கிய தேசிய முன்னணி. மீறியவர்கள் அதற்குப் பின் வந்த அனைவரும், அதே கட்சி உட்பட.

148 ஆம் உறுப்புரையை நினைவுபடுத்தினேன் அல்லவா? 2015 இல் வந்த நல்லாட்சி அரசாங்கம் முதலில் அரச உத்தியோகத்தரின் சம்பளத்தை மாதம் 10,000 ரூபாவால் உயர்த்தியது. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு 2016 மே மாதத்தில் விடை வந்தது. பெறுமதி சேர் வரி 11 வீதத்திலிருந்து 15 வீதம் ஆயிற்று. சட்டம்? அது இன்னும் இயற்றப்படவில்லை. கடைகளிலே வரி அறவிடப்பட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு அதனை நிறுத்தியது. சட்டம் நிறைவேறி நவம்பரிலேதான் வரி மீண்டும் முறைப்படி வந்தது. சட்டத்தின் ஆட்சியைக் கொண்டுவருவோம் என்று சொல்லி எங்கள் வாக்குகளைப் பெற்ற அரசாங்கத்தின் செயல் இது.

2019 இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஆனால் அதைவிடப் பாரதூரமானது. கோட்டாபய ராஜபக்ஷ பதவியேற்றுச் சில நாட்களுள் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா விற்பனை செய்த வியாபாரி வரிக்குப் பதிய வேண்டியிருந்த எல்லை 30 கோடியாக உயர்ந்தது. சம்பளத்தில் கழிக்கும் வரி 2020 ஜனவரியிலிருந்து நீங்கிற்று. தேச கட்டுமான வரி ஒழிக்கப்பட்டது. வருமான வரி மாற்றங்களுக்குரிய சட்டமோ 2021 மே மாதத்திலேதான் வந்தது! கூட்டுவதற்குச் சட்டம் வேண்டாம் என்றது ஓர் அரசாங்கம். குறைப்பதற்கும் வேண்டாம் என்றது அடுத்தது. முந்திய நிதி மந்திரி மங்கள சமரவீர, இவ்வாறு செய்தால் நாடு வங்குரோத்தாகும் என்று வெளிப்படையாக எச்சரித்திருந்தார். கேட்பார் இல்லை.

உத்தியோகத்தர் அன்பர்களே, இங்கே உங்களிடம் ஒரு சொல். 2020 ஜனவரியிலே முழுச் சம்பளமும் கைக்கு வந்தபோது மகிழாதவர் எத்தனை பேர்? மகிழ்ந்ததைக் குற்றம் சொல்லேன். இந்தப் பணத்துக்குப் பதிலாக அரசாங்கம் எதை விற்கப்போகிறது, எதை அச்சடிக்கப்போகிறது என்று நாம் கேட்டிருக்க வேண்டும். 1990 இல் உற்பத்தியில் 20 வீதத்துக்கு மேல் இருந்த அரச வருமானம் 2021 இல் 8 வீதமளவுக்கு விழுந்தது. வெளிநாட்டில் கடன் கொடுப்பார் இல்லை. மத்திய வங்கி பணத்தை அச்சிட்டது. 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தனர். இயற்கை வேளாண்மைக்காக என்றனர். உரம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமையை மறைப்பதற்காக என்று பலர் கருதினர். நவம்பரில் தடையை நீக்கினர். 2022 ஏப்பிரல் 12 ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. செப்ரெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. உத்தியோகத்தருக்குக் கிடைத்த வரிச் சலுகையின் விலையை முதலில் செலுத்தியவன் உரமின்றி வயலில் நின்றவன்.

2023 நவம்பர் 14 ஆம் தேதி உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் ஒரு தீர்ப்பை வழங்கியது. முன்னாள் ஜனாதிபதி, முன்னாள் பிரதம மந்திரி, முன்னாள் நிதி மந்திரி, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உட்பட்டோர் பொருளாதாரத்தைக் கையாண்ட முறையினால் மக்களின் சமத்துவ உரிமையை மீறினர் என்று அது கண்டது. வரிக் கொள்கை நீதிமன்றத்தின் வாசலுக்கு வரும் என்று எங்கள் சட்டக் கல்லூரி நாட்களிலே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அத்தீர்ப்பு மகத்தானது. நட்டஈடாக மக்களுக்கு ஒரு சதமும் வரவில்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு மட்டும் கிடைத்தது.

இனி அவ்வளவு சத்தமின்றி நடக்கும் ஒரு காரியம். 2007 ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், நிதி மந்திரி ஒரு வர்த்தமானி அறிவித்தலால் உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் சீனிக்கும் இறக்குமதி வரியை ஏற்றலாம், இறக்கலாம். அன்றிரவே நடைமுறைக்கு வரும். பாராளுமன்றத்தின் அங்கீகாரம் பிறகே பெறப்படும். 2020 ஒக்டோபரில் சீனிக்கான அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கப்பட்டது. திறைசேரிக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் என்று கணக்கிடப்பட்டது. கடையிலே விலை அவ்வளவுக்கு இறங்கவில்லை. எங்கள் உருளைக்கிழங்குச் செய்கையாளன் விதைக்கும்போது வரி ஒன்று. கிண்டும்போது வரி வேறொன்று. கிண்டும் வாரத்திலே கொழும்பில் ஒருவர் ஒப்பமிட்டால் அவனுடைய முதல் போயிற்று. 1892 இல் பிரித்தானியர் நெல்வரியை ஒழித்தனர். அதற்கு முன் வலப்பனையிலே அவ்வரி கட்ட இயலாதவர்களின் காணிகள் ஏலத்தில் போயின. அந்த வரி கமக்காரனின் கண்முன் நின்றது, எதிர்த்துப் பேசினான். இந்த வர்த்தமானி வரியை எதிர்த்துப் பேச அவனுக்குத் தெரிவதே இல்லை, தெரியும்போது விளைச்சல் லொறியில் ஏறிவிட்டது. இந்த அதிகாரத்தை நீக்குவோம் என்று எந்தக் கட்சியும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாரும் அதை அனுபவிப்பவர்கள்.

மாகாணங்களின் கதையையும் சொல்லவேண்டும், ஏனெனில் இது எமது பிரதிநிதிகளைப் பற்றியது. பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணை, மொத்த விற்பனை, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரியை மாகாண சபைக்குக் கொடுத்தது. மாகாணத்துக்கென்று இருந்த வருமானங்களில் முக்கியமானது அதுவே. 2011 முதல் மத்திய அரசாங்கம் அதனை நிறுத்தி, பதிலாகத் தேச கட்டுமான வரியில் மூன்றில் ஒரு பங்கைத் தருவதாகச் செய்தது. 2013 இல் எமது வட மாகாண சபை பிறந்தது. பிறக்கும்போதே அந்த வரி கையில் இல்லை. 2019 டிசம்பரில் தேச கட்டுமான வரியும் ஒழிந்தபோது அந்த மூன்றில் ஒரு பங்கும் ஒழிந்தது. 2018 ஒக்டோபரில் சபை காலாவதியாகிவிட்டமையால் கேட்பதற்கு முதலமைச்சரும் இல்லை. பொலிஸ் அதிகாரம், காணி அதிகாரம் என்று எத்தனை மேடைகளில் முழங்கினோம்! சாசனம் கொடுத்த வரி அதிகாரம் சத்தமின்றிக் கழன்று போனதை எத்தனை மேடைகளில் பேசினோம்? வருமானமில்லாத சபைக்கு அதிகாரம் கிடைத்தாலும், ஒவ்வொரு பாலத்துக்கும் கொழும்பிலே கை நீட்டவேண்டியதே.

எம்மவர் மந்திரி சபையில் இருந்த காலங்களுமுண்டு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் மந்திரியாய் இருந்த காலத்தோடு காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் என்று தொழிற்சாலைகளின் பெயர்களைச் சொல்ல முடிகிறது. அவருடைய அரசியலோடு, சிறப்பாக மலையகத் தமிழரின் பிரசாவுரிமை விடயத்தில், நான் உடன்படுவதில்லை. ஆயினும் செலவுக் கணக்கிலே அவை எழுதப்பட்டிருக்கின்றன. 1965 முதல் 1968 வரை மு. திருச்செல்வம் உள்ளூராட்சி மந்திரியாயிருந்தார். 2015 க்குப் பின் எங்கள் உறுப்பினர்கள் வெளியிலிருந்து அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டங்களுக்கு ஆதரவளித்தனர். அரசியலமைப்பு வரும் என்ற நம்பிக்கையில் அளித்தனர். அரசியலமைப்பு வரவில்லை. கொடுத்த வாக்குகளுக்கு ஈடாக, வட்டுவாகல் பாலத்தையோ ஒரு குளத்தின் புனரமைப்பையோ எழுத்திலே கேட்டுப் பெற்றிருந்தால் அதுவாவது மிஞ்சியிருக்கும். இதைச் சொன்னால் "சலுகை அரசியல்" என்பார்கள். எங்கள் வரிப்பணத்தை எங்களுக்காகச் செலவிடக் கேட்பது சலுகையன்று.

2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியத்தின் உடன்படிக்கை வந்தது. வருமான வரி உச்சவீதம் 36 ஆயிற்று. மாதம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சம்பளத்துக்கெல்லாம் வரி. வைத்தியரும் விரிவுரையாளரும் வீதிக்கு வந்தனர். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதம். அதற்குள் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டு ஊழியர் சேமலாப நிதியின் மீது கை வைத்தனர். தொழிலாளியின் முதுமைப் பணம் அது. 2023 இல் அரச வருமானத்தின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வட்டிக்கே போயிற்று. அவ்வுடன்படிக்கையை மீளப் பேசுவோம் என்று சொல்லித் தேசிய மக்கள் சக்தி 2024 இல் வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று ஆசனங்களைப் பெற்றது. வென்ற பின்னர் உடன்படிக்கையின் வழியிலேயே சென்றது. மாதச் சம்பளத்தின் வரி விலக்கு எல்லையை 2025 ஏப்பிரலில் ஒன்றரை இலட்சமாக்கியது. 18 வீதத்தைத் தொடவில்லை. வெட்டிப் பேசிய கட்சி நிதானமாக நடந்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உத்தியோகத்தருக்குக் கிடைத்த ஆறுதல், கடையில் வாங்கும் கமக்காரனுக்கு இதுவரை கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இதற்கிடையே 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான செலவு உற்பத்தியின் 13 வீதத்தைத் தாண்டலாகாது என்று வரம்பிட்டிருக்கிறது. இம்முறை வரம்பு காக்கப்படலாம். அப்படியாயின் கேள்வி கூர்மையாகிறது: 13 வீதத்துக்குள் பாதுகாப்புக்கு எவ்வளவு, குளத்துக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு? வரம்பு உள்ளபோது ஒன்றுக்குக் கூட்டினால் மற்றொன்றில் குறைத்தே ஆகவேண்டும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது. வரவுசெலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்புக்கும் மூன்றாம் வாசிப்புக்கும் இடையிலே குழுநிலை விவாதம் என்று பல நாட்கள் உண்டு. ஒவ்வொரு அமைச்சின் செலவுத் தலைப்பும் தனித்தனியே எடுக்கப்படும். உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்கலாம், திருத்தம் பிரேரிக்கலாம். அந்நாட்களுக்கு முன்னரே ஒவ்வொரு ஊரின் கமக்காரர் அமைப்பும் உத்தியோகத்தர் சங்கமும் ஒன்றாகக் கூடி, நீங்கள் அனுப்பிய உறுப்பினரை அழையுங்கள். விவசாயத் தலைப்பிலும் பாதுகாப்புத் தலைப்பிலும் என்ன கேட்கப்போகிறார் என்று எழுத்திலே வாங்கிக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பு முடிந்த பின்னர் ஹன்சாட்டை வாங்கி வாசியுங்கள்; அன்றைக்கு அவர் சபையில் இருந்தாரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.